பணம் போன முதல் ஒரு மணி நேரம்: கடைக்கு வந்தவர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

சங்கரன்கோவிலில் ஒரு வங்கிக் கிளைக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுக் கொடுப்பேன். முன்பெல்லாம் வங்கிக்குப் போய்விட்டு வருகிறவர்கள் பாஸ்புக் நகல் எடுக்கத்தான் கடைக்குள் நுழைவார்கள். இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது போனை நீட்டியபடியே வருகிறார்கள். "தம்பி, இதுல என்னமோ ஆயிட்டு, கொஞ்சம் பாரு" என்பார்கள். வாங்கிப் பார்த்தால் கணக்கில் மீதி 42 ரூபாய் இருக்கும்.

ஒரே சந்தேகங்களுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லி, பிறகு ஒரு நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். அந்த நோட்டுதான் இது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். ஏற்கெனவே பணத்தை இழந்துவிட்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால் மேலிருந்து படிக்க வேண்டாம். இப்போதே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், பிறகு 8ஆம் கேள்விக்குப் போங்கள்.

1. ஓடிபி ஓடிபின்னு சொல்லுதாங்களே, அது என்னது? பேங்க்ல இருந்து கேட்டா சொல்லலாமா?

ஒரே ஒரு முறை பயன்படும் ரகசிய எண். யாராவது உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கவோ, கணக்கைப் புதுப் போனில் திறக்கவோ முயலும்போது, "இது நீங்கள்தானா?" என்று வங்கி உங்களிடம் கேட்கிறது. அந்த எண்ணை இன்னொருவரிடம் சொன்னால் "ஆமாம், நான்தான்" என்று அவருக்காக நீங்களே பதில் சொன்னதாகிவிடும். வங்கியில் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். மேனேஜரே கேட்டாலும் சொல்லக் கூடாது.

மெசேஜை முழுசாகப் படியுங்கள். பெரும்பாலானவர்கள் எண்ணை மட்டும்தான் பார்க்கிறார்கள். எதற்காக அந்த எண், எவ்வளவு ரூபாய் என்பது பெரும்பாலும் அதே மெசேஜில் இருக்கும். போனில் பேசுகிறவன் "உங்களுக்கு ரீஃபண்ட் வருது" என்பான், மெசேஜில் 19,999 ரூபாய் எடுப்பதற்கு என்று எழுதியிருக்கும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் கேட்கும் எண் வேறு. சிலிண்டர் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு அதைச் சொல்லலாம்.

2. பணம் அனுப்புதேன், பின் நம்பர் போடுங்கன்னு சொல்லுதான். போட்டாத்தானே பணம் வரும்?

வராது, போகும். பணம் அனுப்பவும், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும்தான் யுபிஐ பின் தேவை. உங்களுக்குப் பணம் வர அந்த நம்பரும் வேண்டாம், எந்த கியூஆர் கோடையும் நீங்கள் ஸ்கேன் செய்யவும் வேண்டாம்.

பழைய கட்டிலையோ பைக்கையோ விற்க விளம்பரம் போட்டவர்களிடம்தான் இது அதிகம் நடக்கிறது. "ராணுவத்துல இருக்கேன், நேர்ல வர முடியாது" என்று அடையாள அட்டைப் படத்தை அனுப்பிவிட்டு, கூடவே ஒரு கியூஆர் கோடையும் அனுப்புவான். முன்பு "பணம் கொடு" என்ற கோரிக்கையை யுபிஐயில் அனுப்பியும் ஏமாற்றினார்கள். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் அப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியை, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. கியூஆர் கோடு ஏமாற்று இன்னும் நிற்கவில்லை.

"தெரியாம உங்களுக்கு 5,000 அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்க" என்று அழுகிற குரலும் இதே வகைதான். மெசேஜை நம்பாமல் வங்கிச் செயலியைத் திறந்து, பணம் உண்மையிலேயே வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்தே இருந்தாலும் நீங்களாகத் திருப்பி அனுப்ப வேண்டாம், வங்கியிடம் சொல்லுங்கள். ஏன் என்பது 11, 12ஆம் பதில்களைப் படித்தால் புரியும்.

3. ராத்திரி ஒன்பதரைக்கு கரண்ட கட் பண்ணிருவோம்னு ஈபில இருந்து மெசேஜ் வந்திருக்கு. நான் பில் கட்டிட்டேனே?

அது மின்வாரியம் அனுப்பியது இல்லை. சாதாரண பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து "இந்த அதிகாரியை உடனே கூப்பிடுங்கள்" என்று வாரியம் அனுப்பாது. முறையாக வரும் மெசேஜில் அனுப்பியவர் இடத்தில் எண்ணுக்குப் பதில் எழுத்துகளால் ஆன பெயர் இருக்கும். 2025லிருந்து அந்தப் பெயரின் கடைசியில் ஒரு சிறு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் சேர்ந்து வருகின்றன. அரசுச் செய்திக்கு ஜி, சேவைக்கு எஸ், பரிவர்த்தனைக்கு டி, விளம்பரத்துக்கு பி.

எங்கள் தெருவில் தறிக்கு நூல் தார் சுற்றுகிற அக்கா ஒருவர் அந்த மெசேஜில் இருந்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார். "பத்து ரூபா மட்டும் கட்டுங்கம்மா, சிஸ்டம்ல அப்டேட் ஆகல" என்று மரியாதையாகப் பேசி, ஒரு செயலியை இறக்கவைத்திருக்கிறான். அது திரையைப் பகிர்கிற செயலி. பத்து ரூபாய்க்காக அவர் தட்டிய கார்டு எண்ணையும், அடுத்தடுத்து வந்த ஓடிபிகளையும் அவன் தன் திரையில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். அக்கா மறுநாள் காலை பதினோரு மணிக்குக் கடைக்கு வந்து போனை மேசைமேல் வைத்தார். விரலில் நூல் அறுத்த கோடுகள், கை நடுங்கிக்கொண்டிருந்தது. மாலை 7.12, 7.14, 7.15 என்று மூன்று மெசேஜ்கள். மொத்தம் 48,000 ரூபாய், மகள் வளைகாப்புக்கு வைத்திருந்த பணம். ராத்திரி பூராவும் விழித்தே இருந்திருக்கிறார், மகனிடம்கூடச் சொல்லவில்லை. அந்தப் பதினாறு மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதை 8ஆம் பதிலில் எழுதியிருக்கிறேன்.

எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை தொலைவிலிருந்து கம்ப்யூட்டர் பழுது பார்க்க உருவானவை, அவற்றில் தவறில்லை. ஆனால் முன்பின் தெரியாதவன் போனில் பேசிக்கொண்டே எதையாவது இறக்கச் சொன்னால், அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி 2019லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

4. வாட்ஸ்அப்ல கல்யாணப் பத்திரிகை வந்துச்சு. தொட்டதும் ஏதோ இன்ஸ்டால் ஆச்சு, பத்திரிகையக் காணோம். பிரச்சினையா?

ஆமாம், உடனே கவனிக்க வேண்டிய பிரச்சினை. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது ஒரு செயலி. டிராஃபிக் அபராதச் சலான், பிஎம் கிசான், வங்கி கேஒய்சி என்று பல பெயர்களில் இதே சரக்கு வருகிறது. உள்ளே புகுந்ததும் மெசேஜ்களைப் படிக்க அனுமதி கேட்கும். நீங்கள் சரி என்று தட்டிவிட்டால், அதன் பிறகு ஓடிபியை யாரும் உங்களிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, செயலியே அனுப்பிவிடும். உங்கள் வாட்ஸ்அப்பிலிருந்து அதே பத்திரிகையைச் சொந்தக்காரர்களுக்கும் அனுப்பும். உங்களுக்கு வந்ததும் பெரும்பாலும் அப்படித்தான்.

ஏரோபிளேன் மோடைப் போடுங்கள், வைஃபையையும் அணையுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு, கார்டையும் யுபிஐயையும் நெட் பேங்கிங்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். அந்தச் செயலியை நீக்கிய பின், போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டு போனை முழுசாக ரீசெட் செய்துவிடுவதே நல்லது. செயலி கண்ணில் படவில்லை என்பதற்காகப் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். கடைசியாக, உங்கள் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கின்றனவா என்று *#21# அடித்துப் பாருங்கள். ##002# அடித்தால் எல்லாத் திருப்பலும் ரத்தாகும். கூரியர் பையன் என்று பேசி, நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஏதாவது எண்ணை அடிக்கச் சொல்கிறவன் இந்தத் திருப்பலைத்தான் உங்கள் கையாலேயே செய்ய வைக்கிறான்.

5. பேங்க்ல இருந்துதான் கூப்பிடுதாங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்க?

வங்கி, காப்பீடு போன்ற நிதி நிறுவனங்கள் வாடிக்கையாளரை அழைக்க 1600 என்று தொடங்கும் எண்களை ஒதுக்கியிருக்கிறார்கள். விளம்பர அழைப்புகளுக்கு 140. வங்கிகளின் இணைய முகவரியும் "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும்படி மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31ஐக் கெடுவாக வைத்தது. இரண்டும் உதவும்.

இருந்தாலும் நான் சொல்லும் வழி பழையதுதான். வந்த அழைப்பை வைத்துவிட்டு, கார்டின் பின்புறம் அச்சடித்திருக்கும் எண்ணை நீங்களே கூப்பிடுங்கள். கூகுளில் "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடி எடுக்காதீர்கள், அங்கே போலி எண்களைப் போட்டு வைத்துக் காத்திருக்கிறார்கள்.

6. என் பேரு, அப்பா பேரு, ஆதார் கடைசி நாலு நம்பர் எல்லாம் கரெக்டாச் சொல்லுதானே. அப்போ உண்மையான ஆளுதானே?

இல்லை. உங்கள் விவரங்கள் உங்களிடம் மட்டும் இருந்த காலம் போய்விட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள், மருத்துவ அறிக்கைகள் உட்பட, டெலிகிராமில் கிடைத்ததாக 2024 செப்டம்பரில் செய்தி வந்தது. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இப்படிக் கசிந்தவற்றை வாங்கி விற்க ஒரு சந்தையே இருக்கிறது. ஆகவே விவரம் சரியாக இருப்பது அவன் நல்லவன் என்பதற்குச் சான்று ஆகாது.

2025 ஜூனில் "1,600 கோடி பாஸ்வேர்டுகள் கசிந்தன" என்ற செய்தியைப் பார்த்துப் பலர் பயந்துபோய் வந்தார்கள். அது ஒரே நாளில் ஒரே நிறுவனத்தில் நடந்த திருட்டு இல்லை. தகவல் திருடும் மென்பொருள்கள் வெவ்வேறு கம்ப்யூட்டர்களிலிருந்து எடுத்ததும் பழைய கசிவுகளும் சேர்ந்த குவியல், ஒரே ஆளின் விவரம் பல முறை வந்திருக்கும். அதற்காகப் பயப்பட வேண்டாம், ஒரு வேலை செய்யுங்கள்: மெயிலுக்கு வைத்திருக்கும் பாஸ்வேர்டை வேறெங்கும் வைக்காதீர்கள், பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு வையுங்கள். மற்ற எல்லாக் கணக்கின் பாஸ்வேர்டையும் மாற்றும் வழி மெயில் வழியாகத்தான் போகிறது.

ஆதார் நகலை ஜெராக்ஸ் எடுக்கும்போது எந்த வேலைக்கு என்று அதன்மேல் எழுதிக் கொடுங்கள். முடிந்த இடங்களில் முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரையே கொடுங்கள், அது இலவசமாகக் கிடைக்கிறது. கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் ஆதார் செயலியில் உண்டு. ரேஷனுக்கு, வங்கி முகவரிடம் பணம் எடுக்க என்று தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம்.

7. வீடியோ கால்ல போலீஸ் டிரஸ்ல ஒரு ஆளு. என் பேர்ல பார்சல்ல போதைப்பொருள் வந்திருக்காம், அரெஸ்ட் பண்ணிருக்கோம், போனை வைக்காதங்கிறான். என்ன செய்ய?

போனை வையுங்கள். "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று இந்தியச் சட்டத்தில் எதுவும் கிடையாது. போலீஸ், சிபிஐ, அமலாக்கத் துறை, நீதிமன்றம் யாரும் வீடியோவில் கைது செய்ய மாட்டார்கள். "சரிபார்ப்பதற்காக" உங்கள் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லவும் மாட்டார்கள். பிரதமர் 2024 அக்டோபர் 27 அன்று தன் வானொலி உரையில் இதைப் பற்றித் தனியாகப் பேசினார். 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய வழக்குகளை விசாரிக்கச் சிபிஐயிடம் ஒப்படைத்தது.

கதவைச் சாத்திக்கொள், யாரிடமும் சொல்லாதே, கேமராவை அணைக்காதே: இந்த மூன்றையும்தான் அவர்கள் முதலில் சொல்வார்கள். பக்கத்தில் ஒரு மனுஷன் இருந்தால் இந்த நாடகம் பத்து நிமிஷம் நிற்காது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் போனை வைத்த கையோடு பக்கத்து வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள்.

"படிக்காதவங்கதான் ஏமாறுவாங்க" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பத்மபூஷண் பெற்றவர், வர்த்மான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால். 2024ல் போலியாக நடத்தப்பட்ட உச்ச நீதிமன்ற விசாரணையை வீடியோவில் பார்த்து 7 கோடி ரூபாயை அனுப்பினார். அவர் வெட்கப்பட்டு ஒளிக்கவில்லை, புகார் கொடுத்து வெளிப்படையாகவும் பேசினார். 5 கோடிக்கு மேல் மீட்கப்பட்டது. அந்த ஒரே ஆண்டில் இந்தியர்கள் இணைய நிதி மோசடிகளில் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. இவ்வளவு பேரும் முட்டாள்களாக இருக்க முடியாது.

8. பணம் போயிட்டு. முதல்ல பேங்க்குக்குப் போகணுமா, போலீஸ் ஸ்டேஷனுக்கா?

முதலில் 1930. இருந்த இடத்திலிருந்தே, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இரண்டு மணியானாலும். தமிழ்நாட்டில் நம் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவுதான் எடுக்கும், தமிழிலேயே பேசலாம். வங்கிப் பெயர், கணக்கு எண், போன தொகை, நேரம், பரிவர்த்தனை எண் கேட்பார்கள். யுபிஐ என்றால் அது 12 இலக்கம், செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் தெரியும். லைன் கிடைக்கவில்லை என்றால் காத்திருக்காமல் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பதியுங்கள். அடுத்ததாக வங்கியின் எண்ணைக் கூப்பிட்டுக் கணக்கைப் பூட்டச் சொல்லுங்கள். போனில் புகார் சொன்னால் ஓர் ஒப்புகை எண் வரும், அதை வைத்து 24 மணி நேரத்துக்குள் அந்தத் தளத்தில் புகாரை முழுமையாக்க வேண்டும்.

ஏன் இந்த அவசரம் என்றால், போன பணம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. முதல் கணக்குக்குப் போய்ச் சில நிமிடங்களில் ஐந்தாறு கணக்குகளாகப் பிரியும். அங்கிருந்து இன்னும் பலவாக. கடைசியில் யாரோ ஓர் ஊரில் ஏடிஎம்மிலிருந்து எடுப்பான், அல்லது கிரிப்டோவாக மாற்றிவிடுவான். 1930ல் உங்கள் புகார் பதிவானதும் அது அந்தந்த வங்கிகளுக்குப் போகும். எந்தக் கணக்கில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அதை அங்கேயே நிறுத்திவைப்பார்கள். போன வருஷம் ஒரு டீச்சர் 30,000 போன இருபது நிமிஷத்தில் ஓடி வந்தார். அவருக்கு 27,000 ரூபாய் வழியிலேயே நின்றது. தார் சுற்றுகிற அக்கா பதினாறு மணி நேரம் கழித்து வந்தார். 48,000ல் நின்றது 3,200.

வாட்ஸ்அப் உரையாடலையும் அழைப்புப் பட்டியலையும் அழிக்காதீர்கள். கோபத்தில் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். உள்ளூர் ஸ்டேஷனில் "இது எங்க எல்லை இல்ல" என்று சொன்னால் பின்வாங்க வேண்டாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் சைபர் கிரைம் காவல் நிலையமும் உண்டு.

9. மூணு நாளைக்குள்ள சொன்னா பேங்க் முழுப் பணத்தையும் குடுத்துரும்னு சொல்லுதாங்களே, நெசமா?

பாதி உண்மை. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைதான் இதற்கு ஆதாரம். தவறு உங்கள் பக்கமும் இல்லை, வங்கி பக்கமும் இல்லை, வேறெங்கோ நடந்தது என்றால், வங்கியின் மெசேஜ் வந்து மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு நஷ்டமே இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்கள் என்றால் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும், அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் 5,000. தவறு வங்கியுடையது என்றால் நீங்கள் எப்போது சொன்னாலும் முழுத் தொகையும் அவர்கள் பொறுப்பு. புகார் சொன்ன பத்து வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைத்து, 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

ஆனால் நீங்களே ஓடிபியையோ பின்னையோ கொடுத்திருந்தால் அது கவனக்குறைவு என்ற கணக்கில் வரும். புகார் சொல்லும் நிமிஷம் வரை போனது உங்கள் நஷ்டம், சொன்ன பிறகு போவது வங்கியின் நஷ்டம். ஆகவே அப்படிப்பட்டவர்களுக்கும் நேரம்தான் கணக்கு. இன்னொன்றும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது: தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கி. கவுன்ட்டரில் "நீங்கதானே ஓடிபி குடுத்தீங்க" என்று வாய்வார்த்தையில் அனுப்பிவிட்டால் கிளம்பிவிடாதீர்கள். எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, விவரத்துக்கு 14448.

10. என் பணத்தை ஹோல்ட் பண்ணியாச்சுன்னு சொன்னாங்க. அப்புறம் ஏன் கைக்கு வரல?

நின்ற பணம் வேறொருவர் கணக்கில் நிற்கிறது. அதை வங்கி தானாக எடுத்துத் தராது, பொதுவாக நீதிமன்ற உத்தரவு கேட்பார்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 503ஆம் பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் அதற்கு மனு போடலாம். சைபர் கிரைம் நிலையத்தில் கேட்டால் எந்தக் கணக்கில் எவ்வளவு நிற்கிறது என்ற விவரம் தருவார்கள். சில மாதங்கள் ஆகலாம். இந்த இடத்தில் சோர்ந்துபோய் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. விடாதீர்கள்.

11. காலேஜ் பிரெண்ட் ஒருத்தன் என் அக்கவுண்டை ஒரு வாரம் குடு, பத்தாயிரம் தர்றேன்னு கேக்கான் அண்ணாச்சி. குடுக்கலாமா?

தம்பி, கொடுக்காதே. ஏடிஎம் கார்டும் சிம்மும் சேர்த்துக் கேட்டிருப்பான். 8ஆம் பதிலில் பணம் பிரிந்து போவதாகச் சொன்ன அந்த ஐந்தாறு கணக்குகள் இப்படி வாடகைக்கு எடுத்தவைதான். ஏமாந்தவர் புகார் கொடுத்ததும் போலீஸ் தேடி வருவது உன் பெயரையும் உன் ஆதாரையும்தான். "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்பது அங்கே எடுபடாது. கமிஷன் வாங்கியது அதே கணக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கும்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டாய் என்றால் இன்றைக்கே வங்கியில் எழுதிக் கொடுத்துக் கணக்கை நிறுத்து, நீயே போய் சைபர் கிரைமில் சொல். அப்பாவிடம் சொல்லிவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு போ.

12. நான் ஒண்ணுமே பண்ணல. கடையில ஒருத்தர் ஜிபே பண்ணுனார், இப்போ என் அக்கவுண்ட் முழுக்க ஃப்ரீஸ் ஆயிட்டு.

திருட்டுப் பணத்தில் ஒருவன் உங்களிடம் பொருள் வாங்கினால், அந்தச் சங்கிலியில் உங்கள் கணக்கும் ஒரு கண்ணியாகிவிடுகிறது. வங்கியில் மூன்று விவரங்களைக் கேளுங்கள்: எந்த ஊர்க் காவல் நிலையம், புகாரின் ஒப்புகை எண் என்ன, எவ்வளவு தொகை பற்றியது. பிறகு அந்த நிலையத்துக்கு மெயிலிலும் பதிவுத் தபாலிலும் பில்லின் நகல், ஜிஎஸ்டி பதிவு, வாங்கியவரோடு நடந்த பேச்சு எல்லாவற்றையும் அனுப்புங்கள்.

சர்ச்சை 2,000 ரூபாய்க்கு என்றால் அந்த 2,000த்தை மட்டும் நிறுத்திவைத்து மீதியைப் புழங்க விடும்படி கேளுங்கள். முழுக் கணக்கையும் முடக்குவது சரியில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. குறைந்தபட்சம் அதை எடுத்துக் காட்டலாம்.

13. டெலிகிராம் குரூப்ல ஆயிரம் போட்டேன், ஆயிரத்து முந்நூறாத் திரும்பி வந்துச்சு. அப்போ நல்ல கம்பெனிதானே?

அந்த முந்நூறு தூண்டில் புழு. அடுத்து ஐம்பதாயிரம் போடுவீர்கள், திரையில் ஐந்து லட்சம் லாபம் தெரியும். எடுக்கப் போனால் முதலில் வரி கட்டு என்பார்கள். அந்தக் குரூப்பில் "எனக்கு வந்துட்டு, நன்றி சார்" என்று எழுதுகிறவர்கள் எல்லாம் அவர்களுடைய ஆட்கள். பங்கில் முதலீடு செய்ய வேண்டுமானால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு செய்த புரோக்கரிடம் மட்டும் செய்யுங்கள். அவர்களுக்குப் பணம் கட்டுவதற்காக "வேலிட்" என்ற சொல் சேர்ந்த தனி யுபிஐ முகவரிகளைச் செபி 2025 அக்டோபரில் கொண்டுவந்திருக்கிறது. தனிநபர் பெயரில் உள்ள கணக்குக்குப் பணம் போடச் சொன்னால் அது புரோக்கர் இல்லை.

14. இவங்கெல்லாம் எங்கிருந்துதான் பேசுதாங்க? பிடிக்கவே முடியாதா?

ஜார்க்கண்டில் ஜாம்தாரா போன்ற இடங்களின் பெயர் முன்பு அதிகம் அடிபட்டது. இப்போது பெரிய மோசடிகள் பலவும் கம்போடியா, மியான்மர், லாவோஸில் உள்ள பூட்டிய வளாகங்களிலிருந்து நடக்கின்றன. அங்கே உட்கார்ந்து பேசுகிறவர்களில் ஒரு பகுதியினர் தாங்களே ஏமாந்து போனவர்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள், 2022ல் மியான்மரின் மியாவாடியில் அடைத்து வைக்கப்பட்டு இந்த வேலையைச் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். சிலரை அந்த ஆண்டே மீட்டு ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆகவே சுற்றுலா விசாவில் "டேட்டா என்ட்ரி" வேலை என்று யாராவது வந்தால், ஏஜென்ட் மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். இதைப் பார்த்துச் சொல்ல நான் கட்டணம் வாங்குவதில்லை.

15. மகன் குரல்லயே பேசினான், ஆக்சிடென்ட்னு அழுதான். எப்படி நம்பாம இருக்க?

குரலை நகல் எடுக்கச் சில விநாடிப் பேச்சு போதும், அது இன்ஸ்டாகிராம் வீடியோவிலேயே கிடைக்கும். காது இனிமேல் சாட்சி இல்லை. வைத்துவிட்டு மகனின் வழக்கமான எண்ணைக் கூப்பிடுங்கள், எடுக்கவில்லை என்றால் அவன் நண்பனை. வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு வார்த்தையைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது. செத்துப்போன நாய்க்குட்டியின் பெயர், ஆச்சி வீட்டுப் பட்டப்பெயர், எதுவானாலும் சரி.

16. ரயில்வே ஸ்டேஷன்ல சார்ஜ் போட்டா டேட்டாவத் திருடிருவாங்களாமே?

செய்தியில் வருகிற அளவுக்கு நடப்பில் நான் பார்த்ததில்லை. இப்போதைய போன்கள் தகவல் பரிமாற்றத்துக்கு முன் அனுமதி கேட்கும், வேண்டாம் என்று தட்டினால் போதும். உங்கள் சொந்த அடாப்டரை பிளக்கில் மாட்டினால் அந்தக் கவலையும் இல்லை.

17. என் வாட்ஸ்அப்ல இருந்து எல்லாருக்கும் பணம் கேட்டு மெசேஜ் போகுது. நான் அனுப்பல.

யாரிடமாவது ஆறு இலக்க எண் ஒன்றைச் சொல்லியிருப்பீர்கள், அல்லது 4ஆம் பதிலில் சொன்ன செயலி உள்ளே இருக்கும். வாட்ஸ்அப்பில் "லிங்க்டு டிவைசஸ்" என்ற இடத்தில் தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றுங்கள். முழுசாகவே கைவிட்டுப் போயிருந்தால், உங்கள் எண்ணைக் கொண்டு மறுபடி பதிவு செய்தால் அங்கிருப்பவன் வெளியே போவான். திரும்பக் கிடைத்ததும் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான பின் நம்பர் ஒன்றைப் போட்டுவிடுங்கள். அதற்கிடையில் குடும்பக் குரூப்பில் வேறொருவர் போனிலிருந்து ஒரு குரல் பதிவு போடச் சொல்லுங்கள்: யாரும் பணம் அனுப்பாதீர்கள் என்று.

18. அப்பாவுக்கு இனிமே ஸ்மார்ட்போனே வேண்டாம்னு வாங்கி வச்சுரலாம்னு இருக்கேன். சரிதானே?

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கிற வழியும் அந்தப் போன்தான். பென்ஷன் வரும் கணக்கில் யுபிஐயே வேண்டாம். இன்னொரு கணக்கைத் திறந்து, அதில் நாலைந்தாயிரம் மட்டும் போட்டு அதை ஜிபேயில் இணைத்துக் கொடுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் ஆன்லைன் பயன்பாட்டையும் வங்கிச் செயலியிலேயே அணைத்து வைக்கலாம். 1930ஐ அவர் போனில் "பணம் போனா" என்ற பெயரில் சேமித்து வையுங்கள்.

அவர் ஏதாவது தட்டிவிட்டேன் என்று சொல்ல வரும்போது குரலை உயர்த்தாதீர்கள். ஒரு தடவை கத்தினால் அடுத்த தடவை அவர் சொல்ல மாட்டார்.

19. பணத்தை மீட்டுத் தர்றோம், வக்கீல் ஆபீஸ்ல இருந்து பேசுதோம்னு போன் வருது. முன்பணமா மூவாயிரம் கேக்கான்.

அதே கூட்டம், அல்லது அந்தக் கூட்டத்திடம் பட்டியல் வாங்கியவன். ஒரு தடவை ஏமாந்தவர்களின் எண்களும் விற்பனைக்குப் போகின்றன. 1930, சைபர் தளம், ஆம்புட்ஸ்மேன் மூன்றிலும் புகார் கொடுக்க ஒரு பைசா செலவில்லை.

20. வீட்டுல தெரியாம கம்ப்ளைன்ட் குடுக்க முடியுமா?

முடியும். உங்கள் போன், உங்கள் கணக்கு விவரம், அடையாள அட்டை இருந்தால் போதும், வீட்டார் யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு புகாரைத் தள்ளிப்போடாதீர்கள். புகாரை முதலில் கொடுங்கள், அந்தப் பேச்சைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம். கடையில் பின்பக்கம் ஒரு ஸ்டூல் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து 1930க்குப் பேசிவிட்டுப் போகலாம், நான் கேட்டதை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

தார் சுற்றுகிற அக்காவும் அன்றைக்கு அப்படித்தான் பேசினார். ஒரு மாதம் கழித்து, நின்ற 3,200க்கு மனு போட வந்தபோது மகனும் கூட வந்திருந்தான். தேதி, நேரம், தொகை எல்லாவற்றையும் அவனே சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். 7.15 என்ற மூன்றாவது வரிக்கு வந்தபோது, "அப்போ நான் மாடிலதான இருந்தேன்மா" என்றான்.